லால்குடிக்காரர்களுக்கு நான் மாஸ்டர்

தம்பி,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று வருகிறது. அதனால்தான் பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று லால்குடிக்குப் போய் உன் மாமனாரைப் பார்த்து, நான் பி.டி. மாஸ்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் அட்டெண்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டாம். ஏன் சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்பதை வரிசையாகத்தான் எழுதுவேன். கல்யாணமான பிள்ளைக்கு எதற்குப் புத்தி சொல்கிறீர்கள் என்று உன் அம்மா அடுக்களையிலிருந்து கேட்கிறாள். எனக்கு வந்திருக்கிற கோபத்துக்கு, புத்தி சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேனே என்று அவள் சந்தோஷப்பட வேண்டும்.

என் வேலை என்ன என்பது உனக்குத் தெரியும். தெரிந்ததுதான் இங்கே பிரச்சினையே. ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் மொபெட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டி, பாலக்கரை நெரிசலில் புகுந்து, எல்லோருக்கும் முன்னால் போய்க் கேட்டைத் திறப்பேன். எச்.எம். அறையைப் பெருக்கச் சொல்லி, சர்குலரை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி, சாக்பீஸ் பெட்டியைக் காப்பாற்றி, மணி அடிப்பேன். இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. சிரித்த நாட்கள்தான் அதிகம். நீ ஆறாம் வகுப்பில் அதே பள்ளியில் படித்தபோது நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. அன்று காலை மைதானத்தில் பூப்பந்து ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்திருந்தேன். வலைக்குப் பக்கத்தில் மெதுவாக விழுந்த மஞ்சள் பந்தை நான் வாய் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டேன். மூன்றாம் பீரியடுக்கு மணி அடிக்கப் போனவன், அந்தப் பந்தை எப்படித் தட்டியிருக்க வேண்டும் என்று யோசித்தபடியே தண்டவாளத் துண்டை அடித்தேன். இப்படித் தட்டியிருக்கலாம், இல்லை, இப்படித் தட்டியிருக்கலாம் என்று கை பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது. லாங் பெல் ஆகிவிட்டது.

லாங் பெல் என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் மொத்தமும் பையோடு வெளியே கொட்டியது. கணக்கு வாத்தியாரே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பையன்களில் பாதிப் பேரை பாலக்கரை டீக்கடை வாசலில் போய் மடக்கிப் பிடித்தோம். எச்.எம். மூச்சிரைக்க ஓடி வந்து, "யோவ், மணி அடிக்கச் சொன்னா ஸ்கூலையே கலைச்சு விட்டுட்டியேய்யா!" என்று கத்தினார். கத்தி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போது நீ என்ன செய்தாய்? கேட் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு திட்டில் ஏறி நின்று, "எங்கப்பாடா! எங்கப்பாதான்டா அடிச்சாரு!" என்று கூவினாய். மறுநாள் உன் வகுப்புப் பையன்கள் உனக்கு மிட்டாய் வாங்கிக்கொடுத்து, இன்றைக்கும் அப்பாவை அடிக்கச் சொல்லு என்று சிபாரிசு கேட்டார்கள். நீ என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்கவும் செய்தாய். நான் அதட்டி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்கு இருந்த பெருமையை எச்.எம்.முக்குத் தெரியாமல் மறைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாஸ்டர் என்ற பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அதை வைத்துச் செய்த காரியத்துக்குப் பிறகு திரும்ப ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பூப்பந்துப் போட்டிக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு பி.டி. சார் கிளம்பினார். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு துணைக்கு நான். பஸ்ஸிலேயே அவருக்கு வாந்தி. மைதானத்துக்குப் போனதும் புங்கமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். டீமோடு ஒரு மாஸ்டர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று நடுவர் சொன்னார். பி.டி. சார் தன் வெள்ளைத் தொப்பியை என் தலையில் வைத்து, விசிலை என் கழுத்தில் மாட்டி, "நீங்க போய் உக்காருங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க, போதும்" என்றார். நான் எங்கே கேட்டேன்? பையன்கள் தடுமாற ஆரம்பித்ததும் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த அதட்டலைப் போட்டேன். "லைன்ல நில்லு! சத்தம் வரக்கூடாது! கைய எங்கடா வச்சிருக்க?" என் பையன்கள் நின்றார்களோ இல்லையோ, எதிர் டீம் பையன்கள் பயந்துபோய் வரிசையில் நின்றுவிட்டார்கள். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். எதிர்ப் பள்ளி மாஸ்டர் வந்து கைகொடுத்து, "சார் எந்தக் காலேஜ்ல பண்ணீங்க?" என்று கேட்டார். "வாசல்லயே நின்னு பண்ணிட்டேன் சார்" என்றேன். மரத்தடியில் படுத்திருந்த பி.டி. சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் ஸ்டாப் ரூமில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "மாஸ்டர், நான் லீவு போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அது பள்ளிக்கூடத்தைத் தாண்டி மைதானத்துக்கும் வந்துவிட்டது. கொள்ளிடக் கரைப் பக்கம் நாங்கள் காலையில் ஆடுகிற இடத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர் இருக்கிறார், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர் இருக்கிறார், கோயில் கைங்கரியத்தை முடித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட வருகிற ஒரு சுவாமியும் இருக்கிறார். எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். நல்ல பந்தை அடித்தால் "மாஸ்டர்னா மாஸ்டர்தான்" என்பார்கள். விட்டால், "மாஸ்டர், லாங் பெல் அடிச்சிராதீங்க" என்பார்கள். டீ போடுகிறவரும் மாஸ்டர், பரோட்டா அடிக்கிறவரும் மாஸ்டர், துணி தைக்கிறவரும் மாஸ்டர் என்று ஆகிவிட்ட ஊரில் நானும் ஒரு மாஸ்டராக இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். அதில் ஒரு கேலி இருந்தது. கேலிக்குள் பிரியமும் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நீ எப்போது மாறினாய் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்குத் தில்லை நகரில் பெரிய பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரத்திலேயே, "அப்பா, நீங்க கேட்டு வரைக்கும் வராதீங்க. மெடிக்கல் ஷாப் முனையிலேயே நில்லுங்க" என்றாய். நான் நின்றேன். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் காரில் வந்து இறங்குகிற இடத்தில் மொபெட்டில் வந்து இறங்க உனக்குக் கூச்சம், அந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், தானாகப் போய்விடும் என்று உன் அம்மாவிடம் சமாதானம் சொன்னேன். போகவில்லை. நீ காலேஜ் முடித்தாய், சென்னையில் வேலைக்குப் போனாய், உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாய். கூச்சமும் உன்னோடு சேர்ந்து வளர்ந்து, உனக்கு முன்னால் லால்குடிக்குப் போய்ப் பேசியும் விட்டு வந்திருக்கிறது. கூச்சம் வந்தால் அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், தம்பி. என்னிடமே சொல்லியிருக்கலாம். 'அப்பா, உங்கள் வேலையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்கும். ஆனால் இப்போது வலிப்பதைவிடக் குறைவாகத்தான் வலித்திருக்கும்.

நீ அங்கே என்ன சொல்லி வைத்திருந்தாய் என்று தெரியாமல் நான் பண்ணின கூத்தை நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. உன் மாமனார் விவரமான மனுஷர். நெல்லும் வாழையும் போடுகிறவர், அந்தக் காலத்தில் வாலிபால் ஆடியவர். பெண் கொடுக்கிற இடத்தை விசாரிக்காமல் விடுவாரா? நான் ஆடப் போகாத ஒருநாள் காலையில் பைக்கில் ஸ்ரீரங்கம் வந்து நேராக எங்கள் மைதானத்துக்கே போயிருக்கிறார். "இங்க ஸ்கூல்ல மாஸ்டரா இருக்காரே, அவரு எப்படிங்க?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டிருக்கிறார். அந்த நல்லவன், "நம்ம மாஸ்டரா? அவரை மாதிரி ஆளு தேடினாலும் கெடைக்காதுங்க. பசங்கன்னா உசுரு அவருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். சுவாமியும் தன் பங்குக்கு, "மாஸ்டர் பரம சாது. பெருமாள் கிருபை, நல்ல சம்பந்தம்" என்று சொல்லியிருக்கிறார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. நீ சொன்ன பொய்க்கு ஊரே சாட்சி சொல்லியிருக்கிறது.

நிச்சயதார்த்தத்தன்று வாசலிலேயே உன் மாமனார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து, "வாங்க மாஸ்டர், வாங்க வாங்க!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் மைதானத்துப் பெயர் லால்குடி வரைக்கும் வந்துவிட்டதே, பெண்ணின் அப்பா என்று விறைப்பாக இல்லாமல் நம்மைப் போல விளையாட்டுக்காரராக இருக்கிறாரே என்று பூரித்துப்போனேன். "அட, அதுக்குள்ள உங்க காதுக்கு வந்துருச்சா?" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பக்கத்தில் நின்ற உன் முகம் வெளுத்தது. புதுச்சட்டை இறுக்குகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க அவர் மாஸ்டர் மாஸ்டர் என்றார், நானும் முப்பத்திரண்டு பல்லும் தெரிய என்ன என்ன என்று திரும்பினேன். "இந்தக் காலத்துப் பசங்களை மேய்க்கறது கஷ்டந்தாங்க மாஸ்டர்" என்றார். "மணி அடிச்சா எல்லாம் சரியாயிரும்" என்றேன். அவர் அதை ஏதோ பெரிய தத்துவம் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். நீ பார்த்துக்கொண்டே நின்றாய். அப்போதாவது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?

கல்யாணத்துக்கு ஸ்கூலில் யாரையும் கூப்பிடாதீர்கள், ஹால் சின்னது என்றாய். நான் பி.டி. சாரையும் அவர் வீட்டம்மாவையும் மட்டும் கூப்பிட்டேன். அவரைக் கூப்பிடாமல் எனக்கு என்ன கல்யாணம்? உனக்கு முதன்முதலில் பேட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நீ கால் பிசகி விழுந்த அன்று, நான் எச்.எம்.மோடு வெளியூர் போயிருந்தபோது, உன்னைத் தன் வண்டியில் உட்கார வைத்துத் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டுப் போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டவர். பந்தியில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பந்தி விசாரித்துக்கொண்டு வந்த உன் மாமனார், "நீங்களும் ஸ்கூல்தானுங்களா? என்ன சப்ஜெக்ட்?" என்று அவரைக் கேட்டார்.

"நான் பி.டி.ங்க" என்றார் சார்.

"அடடே, ஒரே ஸ்கூல்ல ரெண்டு பி.டி. மாஸ்டரா?" என்று உன் மாமனார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நிச்சயத்தன்று வாசலில் நின்று கேட்ட மாஸ்டரிலிருந்து அன்றுவரை கேட்ட எல்லா மாஸ்டரும் என் தலையில் வரிசையாக வந்து விழுந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், மாலையும் கழுத்துமாகப் பக்கத்து வரிசையில் உறவினரிடம் பேசிக்கொண்டு நின்றிருந்த நீ பாய்ந்து வந்து, "அவரு ஜூனியர் மாமா. அப்பாவுக்குக் கீழ இருக்காரு" என்றாய். பி.டி. சார் என்னைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். உன் மாலையைப் பார்த்தார். அப்புறம் உன் மாமனாரிடம், "ஆமாங்க. சார்கிட்டதான் எல்லாம் கத்துக்கிட்டேன்" என்றார். தலை முழுக்க நரைத்த ஜூனியர். என்னைச் சார் என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாயசம் வருவதற்கு முன்னாலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தார். வீட்டம்மாவும் எழுந்துவிட்டார்கள். நான் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே, உன் மனைவியின் முகம் என்ன ஆகும் என்று யோசித்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாப்பாடு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவரைத் தேடிப்போய், மன்னிச்சிருங்க சார் என்றேன். "விடுங்க, பையன் வாழட்டும்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அதற்குப் பிறகு என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். ஸ்டாப் ரூமுக்குச் சர்குலர் கொண்டுபோனால் எல்லோரும் வேலையைப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் நான் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர் விசில் ஊதுவது மாதிரி சத்தம் கொடுப்பார்கள், நான் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பேன். எனக்கு அந்த வேலையில் பதவி உயர்வு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கிடைத்தது அந்த விளையாட்டு ஒன்றுதான். நீ அதை எடுத்துப் பெண் வீட்டுக்குச் சீர் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டாய். இப்போது யாராவது மாஸ்டர் என்றால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. மைதானத்துக்கும் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் உன் மாமனார் தாம்பாளத்தில் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அவர்கள் ஊர்ப் பையன்கள் வாலிபால் போட்டி நடத்துகிறார்களாம், நான்தான் பரிசு கொடுக்க வேண்டுமாம். ப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன் என்று தன் போனில் காட்டினார். கல்யாண போட்டோவில் இருந்து என் தலையை வெட்டி எடுத்துப் பெரிதாகப் போட்டு, கீழே என் பெயர், அதற்குக் கீழே 'உடற்கல்வி ஆசிரியர், திருச்சி' என்று கொட்டை எழுத்தில். உன் அம்மா காபி தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர் போனதும் உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய்? "ஒரு நாள்தானேப்பா. சும்மா போய் நின்னுட்டு வாங்க. யாருக்குத் தெரியப் போவுது?" எனக்குத் தெரியுமே, தம்பி. அந்தக் கணக்கில் நான் வரவே இல்லையா?

அதனால்தான் நேற்று ஸ்ரீரங்கத்தில் பாசஞ்சர் ஏறி லால்குடிக்குப் போனேன். களத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கைகால் கழுவிக்கொண்டு வந்து எனக்கு நாற்காலி போட்டார். உட்காராமலேயே சொல்லிவிட்டேன். அட்டெண்டர் என்றேன், மணி அடிக்கிறவன் என்றேன், கல்யாணத்துக்கு வந்த அந்தப் பெரியவர்தான் நிஜமான பி.டி. மாஸ்டர் என்றேன். என்னைப் பரிகாசமாக அப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தை இரண்டு தடவை துடைத்தார். "உக்காருங்க சம்பந்தி" என்றார். மாஸ்டர் போய்விட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"அட்டெண்டரா இருந்தா என்னங்க? எம் பொண்ணு உங்க வேலையையா கட்டிக்கிட்டா? நீங்க வந்து பரிசு குடுங்க. ப்ளெக்ஸ்ல அந்த வரிக்கு மேல ஒரு பேப்பரை ஒட்டச் சொல்லிடறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா என் பிள்ளை இத்தனை பாடுபட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் அடுத்ததைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளை எங்ககிட்ட இன்னும் என்னென்னமோ சொல்லியிருக்காருங்க. வேலை, சம்பளம், சென்னையில வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தது. அதுல எது நெசம்னு நான் இப்ப யாரைப் போய்க் கேக்கறது?"

என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் சொன்னேன், தம்பி. ரயிலில் திரும்பி வரும்போது அவர் கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டு வந்தேன். போன பொங்கலுக்கு வேலை இருக்கிறது என்று வராமல் இருந்தாயே, அது என்ன? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அன்று ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாயே, அது? கல்யாணத்துக்குப் பிறகு எங்களைச் சென்னைக்கு அழைத்துப்போகச் சொன்னால், வீட்டில் இன்னும் பெயின்ட் வேலை முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாயே, அது? அன்றெல்லாம் யோசிக்காமல் நம்பினேன். நேற்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதையும் திரும்ப அதே இடத்தில் வைக்க முடியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை போட்டி. நானும் அம்மாவும் போகிறோம், பி.டி. சாரையும் கூப்பிட்டிருக்கிறேன், பரிசை அவர்தான் கொடுப்பார். நீயும் உன் மனைவியோடு வா. அவள் அப்பா சொல்லி அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் நீயே உட்கார வைத்துச் சொல்லிவிடு. அழுவாள், சண்டை போடுவாள், நாலு நாள் பேசாமல் இருப்பாள். அதையெல்லாம் வாங்கிக்கொள். அப்புறம் லால்குடிக்கு வந்து உன் மாமனார் கேட்டதற்கு நீயே பதில் சொல். அந்தப் பதிலைக் கேட்க நானும் அங்கே பக்கத்தில் இருப்பேன். வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே. நிஜமாகவே உனக்கு வேலை இருக்கலாம். இனிமேல் அது எனக்கு எப்படித் தெரியும்?

அப்பா